ஒரே கணக்கு, இரண்டு டிஸ்க்
கடைக் கம்ப்யூட்டரில் கணக்கைக் காப்பாற்றும் முறை



நம் முன்னோர் கணக்கு வைத்த முறையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். விற்றதும் வாங்கியதும் முதலில் சிட்டையில் ஏறும். இரவு கடை சாத்திய பிறகு கணக்குப்பிள்ளை அதைக் குறிப்பேட்டில் எழுதுவார். பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவாகும். ஆக, ஒரு வியாபாரம் மூன்று இடத்தில் எழுதப்பட்டிருந்தது. பேரேட்டைக் கரையான் அரித்தாலும், குறிப்பேட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் எழுதிவிட முடிந்தது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு பில் போட்டால் போதும். சிட்டை, குறிப்பேடு, பேரேடு, இருப்புக் கணக்கு எல்லாம் தாமே ஏறிவிடுகின்றன. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நான்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே ஹார்டு டிஸ்க்கில் அடங்கிக் கிடக்கின்றன. அந்த டிஸ்க் ஒரு நாள் நின்றால் நான்கும் சேர்ந்தே போகும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். எழுதித் தொலைத்த கணக்கும் அப்படித்தான்.

போவது நம் பணம் மட்டுமா?

ஆரணியில் மளிகைக்காரர், அரிசி ஆலைக்காரர், பட்டுக்காரர் எல்லோருக்குமே கணக்குதான் உயிர். மளிகைக் கடையில் நூறு வீட்டுப் பற்று இருக்கும். கணக்கு அழிந்துவிட்டால் வாடிக்கையாளர் சொல்வதுதான் பாக்கி. நாணயமானவர் சரியாகச் சொல்வார். அவருக்கே மறந்துபோயிருந்தால் என்ன செய்வது?

பட்டுத் தொழிலில் இது இன்னும் பெரிய விஷயம். பாவும் ஊடையும் ஜரிகையும் தறிக்காரர் வீடுகளில் இருக்கின்றன. யாருக்கு எத்தனை கிராம் கொடுத்தோம், எத்தனை சேலை வந்தது, கூலியில் எவ்வளவு நிற்கிறது, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் முதலாளிக்கு நஷ்டம். கூலி பாக்கி உள்ள தறிக்காரருக்கும் நஷ்டம். நம் கணக்கில் பிறருடைய பணமும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அதைப் பாதுகாப்பது நம் கடமை.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டுக் கணக்கை அதன் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். உதாரணமாக 2023–24 ஆண்டுக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. எனவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம்மிடம் இருக்க வேண்டும். வழக்கு, மேல்முறையீடு இருந்தால் இன்னும் நீளும். விதி 57 ஒரு படி மேலே போகிறது. கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால் அதற்கு முறையான நகல் இருக்க வேண்டும் என்றும், விபத்தோ இயற்கைச் சீற்றமோ ஏற்பட்டால் நியாயமான காலத்துக்குள் அதை மீட்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

"ரிட்டர்ன் எல்லாம் அரசாங்கத் தளத்தில் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். அங்கே இருப்பது வரிக் கணக்கு. சில்லறை விற்பனை அங்கே மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி என்று அதில் கிடைக்காது.

டிஸ்க் ஏன் கெடுகிறது?

முதல் ஹார்டு டிஸ்க்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்டது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள். எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று உள்ளங்கை அளவுப் பெட்டியில் அதைப்போல் லட்சக்கணக்கான மடங்கு எழுதலாம். ஆனால் அடிப்படை மாறவில்லை. தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. அதன் மேல், தொட்டும் தொடாமலும், தலைமுடியின் தடிமனில் மிகச் சிறு பங்கே உள்ள இடைவெளியில், எழுதும் முனை மிதக்கிறது. சுழலும் பொருள் எதுவும் ஒரு நாள் தேயும். தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகையும் கெடும், பல நேரம் சத்தமே காட்டாமல் கெடும்.

லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் அனுபவத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023இல் அவர்களிடம் 100க்குச் சுமார் 1.4 என்ற விகிதத்தில் டிஸ்க்குகள் கெட்டன. அவை குளிரூட்டிய அறையில், தடைபடாத மின்சாரத்தில் ஓடுபவை. மிளகாய்த் தூளும் மாவுத் தூசியும் பறக்க, கரண்ட் போய்ப் போய் வரும் நம் கடைகளில் அதைவிடக் குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இரட்டை டிஸ்க் என்றால் என்ன?

இரண்டு கணக்கு என்றதும் அதிகாரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்! இது ஒரே கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்கில் எழுதும் முறை. கண்ணாடியில் உருவம் தெரிவதுபோல் ஒன்றில் உள்ளது அப்படியே மற்றதிலும் இருப்பதால் இதற்கு 'மிரர்' என்று பெயர். 1988இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களான பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து நம்பகமாக இயக்கும் முறைகளை வகைப்படுத்தி 'ரெய்டு' என்று பெயரிட்டார்கள். அதற்கு முன்பே வழக்கில் இருந்த மிரர் முறை அந்த வரிசையில் 'ரெய்டு 1' ஆனது.

ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது வேலையைத் தொடரும். பில் போடுவது நிற்காது. கெட்டதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், நல்ல டிஸ்க்கில் உள்ளது முழுவதும் அதில் மறுபடி எழுதப்படும். 1 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் நமக்குக் கிடைக்கும் இடம் 1 டெராபைட்தான். ஒன்று 1, மற்றது 2 என்று போட்டாலும் சிறியதன் அளவே கிடைக்கும். பாதி இடம் வீண் என்று நினைக்கக் கூடாது. அது இன்ஷூரன்ஸ் பிரீமியம் போல.

அமைக்கும் முறை

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கான வசதி கூடவே வருகிறது. தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதால், புதிதாகச் செய்பவர்கள் விண்டோஸ் 11இல் செய்வதே நலம். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை இந்த முறையில் சேர்க்க முடியாது. ஆகவே அது தவிர இரண்டு காலி டிஸ்க்குகள் வேண்டும்.

1. முதலில் இப்போதுள்ள கணக்கு முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

2. இரண்டு டிஸ்க்குகளை வெவ்வேறு தயாரிப்புத் தொகுதியில், முடிந்தால் வெவ்வேறு கம்பெனியில் வாங்குங்கள். ஒரே மூட்டைப் பருப்பில் வண்டு இருந்தால் எல்லாப் படியிலும் இருக்கும் அல்லவா? ஒரே தொகுதியில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துக் கெடலாம்.

3. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் வரிசை எண், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி எழுதிய சீட்டை வெளியில் தெரியும்படி ஒட்டுங்கள். பின்னால் கெட்டதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றாமல் இருக்க இது உதவும்.

4. கம்ப்யூட்டரை அணைத்து இரண்டையும் பெட்டிக்குள் பொருத்துங்கள். வெளியே யு.எஸ்.பி. வயரில் தொங்கும் டிஸ்க்கிலும் மிரர் அமைக்கலாம். ஆனால் வயர் அசைந்தாலே இணைப்பு விட்டுப்போகும். கடைக்கு அது ஏற்றதல்ல.

5. ஸ்டார்ட்டில் 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'மேனேஜ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' வரும். அதில் புதிய பூல் உருவாக்கும் கட்டளையைக் கொடுத்து, அந்த இரண்டு காலி டிஸ்க்குகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

6. ரெசிலியன்சி என்ற இடத்தில் 'டூ-வே மிரர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'சிம்பிள்' என்பதில் பாதுகாப்பே இல்லை. பெயரும் எழுத்தும் கொடுத்து முடித்தால், இரண்டும் சேர்ந்து ஒரே டிரைவாகத் தெரியும்.

7. கணக்கை ஏற்றுமுன் ஒரு சோதனை. ஏதேனும் சில பைல்களை அதில் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள். எச்சரிக்கை வர வேண்டும். பைலும் திறக்க வேண்டும். பிறகு அணைத்து வயரை மாட்டி, இரண்டும் சமமாகும் வரை காத்திருங்கள்.

8. இதன் பின்னரே கணக்கு போல்டரை அங்கே நகலெடுத்து, கணக்கு மென்பொருளிலும் புதிய இடத்தைக் காட்டுங்கள். ஒரு பில் போட்டுப் பார்த்து, நேற்றைய ஐந்தொகையுடன் ஒப்பிட்ட பிறகு பழையதை விடலாம்.

யு.பி.எஸ். இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒன்றில் ஏறி மற்றதில் ஏறாமல் நிற்கக்கூடும். இன்னொன்று: ஒரு டிஸ்க் கெட்டும் வேலை நடப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒற்றை மாட்டில் வண்டி ஓடுகிறது என்று தெரியாமலே மாதங்கள் போய், அதுவும் ஒரு நாள் படுத்துவிடும். எனவே மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி கல்லா பூஜை முடிந்ததும் அந்தத் திரையைத் திறந்து, இரண்டும் 'ஓகே' என்று காட்டுகிறதா எனப் பாருங்கள்.

மிரர் எதைக் காப்பாற்றாது?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். மிரர் என்பது டிஸ்க் கெடுவதற்கு மட்டுமே மருந்து. கடைப் பையன் தவறி ஒரு கம்பெனிக் கணக்கை அழித்தால், அந்த நொடியே இரண்டிலும் அழியும். கண்ணாடி நல்லது கெட்டது பார்க்காது.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, திறக்க 300 டாலர் கேட்டது. பக்கத்து ஆந்திர மாநிலத்தின் காவல்துறைக் கம்ப்யூட்டர்களும் அதில் சிக்கின. இத்தகைய வைரஸ் புகுந்தால் பூட்டப்பட்ட பைல்தான் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாற்று வெள்ளம் சென்னையில் தரைத்தளக் கடைகளில் புகுந்தபோது, ஒரே பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருந்தாலும் அத்தனையும் ஒன்றாகத்தான் நனைந்திருக்கும். தீ, இடி, திருட்டு எல்லாவற்றுக்கும் இதுவே நிலை.

இதற்கு நம் தமிழ் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாத ஐயர் 1887இல் அச்சில் கொண்டுவர முடிந்தது எப்படி? அதன் ஏட்டுப் பிரதிகள் பல ஊர்களில், பல வீடுகளில் இருந்தன. ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் கிடைத்தது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறு எங்கும் பிரதி இல்லாத சுவடிகள் போனவை போனவையே. பிரதி இருந்தால் மட்டும் போதாது; அது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே மிரருடன் நகலும் வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3–2–1 என்ற கணக்கு நினைவில் வைக்க எளிது. மொத்தம் 3 பிரதி. 2 வகைச் சாதனத்தில். 1 வேறு இடத்தில். மிரர் டிரைவை இதில் ஒரு பிரதியாகத்தான் எண்ண வேண்டும்.

சிறு கடைக்கு நாம் சொல்லும் வழி இது:

தினமும் கடை சாத்துமுன், கணக்கு மென்பொருளின் 'பேக்கப்' கட்டளையால் ஒரு நகலை இன்டர்நெட் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டு கட்டாயம்.

வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, உடனே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாட்டியே வைத்திருந்தால் வைரஸுக்கு அதுவும் இரைதான். இரண்டு வெளி டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுப்பது இன்னும் நல்லது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நாலு பேர் பாக்கியைச் சரிபாருங்கள். திறந்து பார்க்காத நகல், எடை போடாமல் வாங்கிய மூட்டை.

பணம் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது, இரட்டை டிஸ்க்கா வெளி டிஸ்க்கா என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: முதலில் வெளி டிஸ்க் வாங்குங்கள். இரட்டை டிஸ்க் இருந்தால் கடை அரை நாள்கூட நிற்காது. வெளி நகல் இருந்தால் கணக்கே போகாது. பண்டிகை நாளில் பில் நின்றால் தாங்காது என்ற அளவுக்கு வியாபாரம் உள்ளவர்கள் இரண்டையும் செய்துகொள்ள வேண்டும்.

சரக்கு போனால் கடனுக்கு வாங்கிக் கொள்ளலாம். கடன் கொடுப்பவர் பார்ப்பது நம் நாணயத்தை. அந்த நாணயத்துக்குச் சாட்சி நம் கணக்கு. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வருமுன், உங்கள் கணக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை ஒன்று என்றால், இந்த வாரமே இரண்டாக்குங்கள்.