அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதே

அன்புள்ள செல்விக்கு,

பாப்பாவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். கிரகணமும் காரணமில்லை, சொந்தத்தில் கட்டியதும் காரணமில்லை. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல், குழந்தையின் உடலில் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடுகிறது. 1959இல் லெஜூன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பாரிஸில் இதை வெளியிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. அதை இத்தோடு விடு. எனக்குக் கவலை தருவது அதற்குப் பிறகு வீடுகளில் குடிபுகும் இன்னொரு பேச்சு. குழந்தை சோர்ந்து கிடந்தாலும், கூப்பிட்டுத் திரும்பாவிட்டாலும், நாலு நாள் மலம் கழிக்காவிட்டாலும், "இந்தக் குழந்தைகள் அப்படித்தான்" என்று முடித்துவிடுவது. அதை மட்டும் நீ ஒத்துக்கொள்ளாதே.

அமெரிக்காவில் 1983 வாக்கில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வயது. இன்று ஏறத்தாழ 60. இடையில் குரோமோசோம் மாறிவிடவில்லை. இவர்களில் பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். முன்பு பலருக்கு மறுக்கப்பட்ட அறுவை சிகிச்சை பிறகு கிடைத்தது. விடுதிகளில் தள்ளப்பட்ட பிள்ளைகள் வீட்டில் வளர்ந்தார்கள். விதி என்று நினைத்த அந்த ஆயுள் குறைவில் பெரும்பங்கு கவனிப்பாரில்லாத குறைதான்.

இன்று பாப்பாவுக்கும் இதே கணக்குதான். இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துவாரம் குறுகல். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். சத்தம் மங்கலாக விழும் குழந்தைக்குப் பேச்சு எப்படி வரும்? நாமோ புத்தி மந்தம் என்கிறோம். தைராய்டு குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், உடல் பருமன், வறண்ட தோல் எல்லாம் வரும். இவற்றை டவுன் சிண்ட்ரோமின் குணம் என்று எண்ணிவிடுவது எளிது என்பதால்தான் பிறந்ததும், ஆறாம் மாதமும், ஒரு வயதிலும், பிறகு ஆண்டுதோறும் ரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். குறை தெரிந்தால் தினம் ஒரு மாத்திரை. கண்ணுக்கும் இதுவே, கண்ணாடி போட வேண்டிய பிள்ளைக்குப் படப் புத்தகத்தைக் காட்டி அலுத்துக்கொள்வதில் என்ன நியாயம்?

"எல்லாம் பார்த்தாலும் மெதுவாகத்தானே கற்பாள்?" என்பார்கள். உண்மை. எந்தச் சிகிச்சையும் அவளை மற்றப் பிள்ளைகளின் வேகத்துக்குக் கொண்டுவராது. அப்படி வாக்குக் கொடுப்பவர்களிடம் பணம் கொடுக்காதே. ஆனால் மெதுவாகக் கற்பது ஒரு சுமை, காது கேளாமல் மெதுவாகக் கற்பது இரண்டு சுமை. இரண்டாவதை இறக்கிவைக்க முடியும்போது ஏன் சுமக்க விட வேண்டும்? செலவு என்றால், மாவட்டங்களில் அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இன்னொரு மறுப்புக்கு எடை அதிகம். குழந்தையை எப்போதும் நோயாளியாகவே பார்க்கும் வீடாக ஆகிவிடாதா என்பது. ஆகலாம், கவனமாக இல்லாவிட்டால். அதனால் சோதனைகளை வருடத்தில் சில தேதிகளோடு நிறுத்து. மற்ற நாள் அவளுடையது. இந்தக் குழந்தைகளுக்குப் புரிவது, சொல்ல வருவதைவிட அதிகம். தோசையா இட்லியா என்று அவளிடமே கேள். கை காட்டினாலும் பதில்தான். அவள் வாயெடுக்குமுன் பாட்டியோ நீயோ பதில் சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு எந்த மருந்துச் சீட்டிலும் எழுதப்படாது, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் பழக வேண்டும்.

தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தது என்று ஃபைலை எடுத்துப் பார். காதுப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியதும் போன் பண்ணு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா