சர்வாதிகாரம் எப்படி உள்ளே வருது? ஒரு 21 மாசப் பாடம்

பௌர்ணமி அன்னைக்கு அடி அண்ணாமலை பக்கம் கிரிவலம் நடந்திருந்தா இந்த டயலாக்கைக் கேட்டிருப்பீங்க. கூட்டம் நகராது, ஆட்டோ கண்டபடி ரேட் சொல்லும், பாதை முழுக்க பேப்பர் பிளேட். யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வார்: "இந்த நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி வந்தாதான்பா சரிப்படும்." நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுலயும் இதே வசனம்தான். சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல. வேலை சீக்கிரம் நடக்கணும்னு நினைக்கிறவங்க, அவ்வளவுதான்.

ஆனா இந்த டெஸ்டிங்கை நம்ம நாடு ஏற்கெனவே பண்ணிப் பார்த்தாச்சு. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரைக்கும், 21 மாசம். நெருக்கடி நிலை. ஸ்கூல்ல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சு மறந்திருப்போம்.

சர்வாதிகாரம்னா டாங்கி ரோட்டுல வரும், ரேடியோ ஸ்டேஷனைப் பிடிப்பாங்கன்னு சினிமா பார்த்து நமக்கு ஒரு நினைப்பு. 1975ல அப்படி எதுவும் நடக்கல. ஜூன் 12 அன்னைக்கு அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தி 1971ல ரேபரேலியில ஜெயிச்சது செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னார். ஜூன் 24ல உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோட தடை கொடுத்தார்: பிரதமரா தொடரலாம், ஆனா எம்.பி.யா ஓட்டு போட முடியாது. அடுத்த நாள் ராத்திரி குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டார். அரசியல் சட்டத்தோட 352வது பிரிவு, காரணம் "உள்நாட்டுக் குழப்பம்". மந்திரி சபைக்கே விடிஞ்சப்புறம்தான் சொன்னாங்க. பிடிச்சு உள்ள போட புதுச் சட்டம்கூட தேவைப்படல. மிசா 1971லயே ரெடியா இருந்துச்சு.

ஜெர்மனியிலயும் கதை இதுதான். 1933 பிப்ரவரி 27 ராத்திரி பாராளுமன்றக் கட்டடம் எரிஞ்சுது. மறுநாளே அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கிற ஆணை வந்துச்சு. அதுல கையெழுத்து போட்ட குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க், மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்தவர். பயன்படுத்தின 48வது பிரிவும் அவங்க அரசியல் சட்டத்துலயே இருந்ததுதான். பூட்டை யாரும் உடைக்கல, சாவி உள்ளேயே தொங்கிட்டு இருந்துச்சு.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு அடுத்த ஸ்டெப் ஈஸியா புரியும். ஒரு சிஸ்டம் தறிகெட்டு ஓடாம இருக்க ஃபீட்பேக் வேணும். அவுட்புட் தப்பா போனா எரர் சிக்னல் திரும்பி வரணும். அந்த 21 மாசத்துல ஃபீட்பேக் ஒயர்களை ஒண்ணொண்ணா கழட்டினாங்க. முதல் ராத்திரியே டெல்லி பகதூர் ஷா ஜாஃபர் மார்க்ல இருந்த பத்திரிகை ஆபீஸ்களுக்கு கரன்ட் கட். அப்புறம் தணிக்கை. (தமிழ்ல எழுதினா அந்த சென்சாரும் இந்த சென்சாரும் ஒரே ஸ்பெல்லிங். ஒண்ணு வந்தா இன்னொண்ணு வேலை செய்யாது.) அப்புறம் 38வது திருத்தம்: நெருக்கடி நிலை சரியா தப்பான்னு கோர்ட் கேட்க முடியாது. 39வது திருத்தம்: பிரதமரோட தேர்தலை கோர்ட்ல எதிர்க்க முடியாது. கடைசியா 42வது திருத்தம் லோக்சபா ஆயுளையே 5 வருஷத்துல இருந்து 6 ஆக்கிடுச்சு. எல்லாமே பாராளுமன்றத்துல ஓட்டெடுத்து, முறைப்படி பாஸ் ஆனது.

நியாயமா ஒண்ணைச் சொல்லணும். நிறைய பேருக்கு அந்தக் காலம் பிடிச்சிருந்தது. எங்க தாத்தா அப்போ ஒரு கவர்மென்ட் ஆபீஸ்ல கிளார்க். "பத்து மணிக்கு டாண்ணு எல்லாரும் சீட்ல இருப்பான்டா, பதுக்கல்காரன்லாம் பயந்தான்"னு இப்பவும் சொல்வார். பொய் இல்ல. விலைவாசி இறங்கத்தான் செஞ்சுது. 1975ல பருவமழையும் நல்லா பெஞ்சுதுங்கிறதை மட்டும் தாத்தா கணக்குல சேர்க்க மாட்டார்.

ஆனா பயத்துல பத்து மணிக்கு வர்ற அதே ஆள், மேல இருந்து டார்கெட் வந்தா பயத்துலயே அதையும் முடிப்பார். 1976-77ல மட்டும் நாட்டுல 80 லட்சத்துக்கும் மேல கருத்தடை ஆபரேஷன் நடந்துச்சு. வட மாநிலங்கள்ல பள்ளி வாத்தியார்களுக்குக்கூட இத்தனை பேரைக் கூட்டிட்டு வரணும்னு கணக்கு. ஒரு தலைவர் தனியா இவ்வளவு செய்ய முடியாது. கணக்கை முடிச்சுக் கொடுக்க ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் வேணும், அவங்க கிடைச்சாங்க.

இனி ராஜன். அவர் நம்மளை மாதிரி ஃபைனல் இயர். கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ், இப்போ அது என்.ஐ.டி. 1976 பிப்ரவரி கடைசியில காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கினாங்க. மார்ச் 1 விடியற்காலை ஹாஸ்டலுக்கே வந்து ராஜனைப் பிடிச்சு கக்கயம் முகாமுக்குக் கொண்டு போனாங்க. அங்க விசாரணைன்னா, பெஞ்சுல படுக்க வச்சுக் கட்டி, தொடை மேல உலக்கையை அழுத்தி உருட்டுறது. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். ஆபீஸ் ஆபீஸா ஏறினார், மந்திரியைப் பார்த்தார், மனு மேல மனு போட்டார். பதில் இல்ல. நெருக்கடி நிலை முடிஞ்ச அதே வாரம் கேரள உயர் நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைப் பிடிக்கவே இல்லைன்னு அரசுத் தரப்பு சொல்லுச்சு. பிடிச்சதுதான் உண்மைன்னு கோர்ட் கண்டுபிடிச்சது. சம்பவத்தப்போ உள்துறை மந்திரியா இருந்து, அப்போ முதல்வராகியிருந்த கருணாகரன் ஒரே மாசத்துல ராஜினாமா செஞ்சார். ராஜன் முகாம்லயே செத்துட்டார்னு அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. உடம்பு கிடைக்கவே இல்ல. ஈச்சர வாரியர் 2006ல இறந்தார்.

அந்த அப்பாவால ஏன் 1976லயே கோர்ட்டுக்குப் போக முடியல? 1976 ஏப்ரல் 28ல உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைப் பார்த்தா புரியும். நெருக்கடி நிலையில சிறை வச்சவங்களுக்காக ஆட்கொணர்வு மனு போட முடியாதுன்னு 5 நீதிபதிகள்ல 4 பேர் சொன்னாங்க. அதுக்கு முன்னாடி 9 உயர் நீதிமன்றங்கள் போடலாம்னு சொல்லியிருந்துச்சு! தனியா எதிர்த்து எழுதினவர் எச்.ஆர். கன்னா. அடுத்த தலைமை நீதிபதி ஆகியிருக்க வேண்டியவர். 1977 ஜனவரியில அவரைத் தாண்டி ஜூனியருக்கு அந்தப் பதவியைக் கொடுத்தாங்க, கன்னா ராஜினாமா பண்ணிட்டார்.

தமிழ்நாட்டுல முதல் ஏழு மாசம் பிடி கொஞ்சம் லூஸா இருந்துச்சு, காரணம் தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை எதிர்த்தது. 1976 ஜனவரி 31ல அந்த அரசைக் கலைச்சாங்க. கூட்டம் கூட்டமா கைது. சென்னை மத்திய சிறையில அடி. முன்னாள் மேயரும் எம்.பி.யுமான சிட்டிபாபு அதுல அடிபட்டு, 1977 ஜனவரியில இறந்தார். பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் இதை விசாரிச்சுது.

இவ்வளவுக்கும் அப்புறம் 1977 மார்ச் தேர்தல்ல வட இந்தியா இந்திராவைத் தோற்கடிச்சது, ரேபரேலி உட்பட. தமிழ்நாட்டுல அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணிதான் பெரும்பாலான இடங்களைப் பிடிச்சது. ராஜனோட கேரளாவுல காங்கிரஸ் கூட்டணி 20க்கு 20. கருத்தடை வேன் வந்த ஊர்ல ஒரு மாதிரி ஓட்டு, வராத ஊர்ல வேற மாதிரி. சிறைக்குள்ள நடந்தது வெளிய பேப்பர்ல வரலைன்னா நமக்கு எப்படித் தெரியும்?

2023 நவம்பர்ல நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துலயே, செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட்டுக்கு நிலம் எடுக்கிறதை எதிர்த்த விவசாயிகள் 7 பேர் மேல குண்டர் சட்டம் போட்டாங்க. பேப்பர்ல, டிவியில வந்துச்சு, கட்சிகள் சத்தம் போட்டாங்க. சில நாள்லயே 6 பேர் மேல போட்டதை அரசு திரும்ப வாங்கிக்கிச்சு. ஒயர் இன்னும் கனெக்ட் ஆகியிருந்ததாலதான் அது நடந்துச்சுன்னு நினைக்கிறேன்.

1978ல 44வது திருத்தம் நிறைய ரிப்பேர் பண்ணுச்சு. "உள்நாட்டுக் குழப்பம்" போய் "ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி" வந்துச்சு. மந்திரி சபை எழுத்துல கேட்டாதான் குடியரசுத் தலைவர் கையெழுத்து போட முடியும். உயிர் வாழும் உரிமையை எந்த நெருக்கடியிலயும் நிறுத்த முடியாது. அதே திருத்தத்துல இன்னொரு பகுதியும் உண்டு: ஆலோசனைக் குழுவைக் கேட்காம ஒருத்தரைத் தடுப்புக் காவல்ல வைக்கிற காலத்தை 3 மாசத்துல இருந்து 2 மாசமா குறைக்கணும். பாராளுமன்றம் பாஸ் பண்ணிடுச்சு. அமலுக்குக் கொண்டுவர்ற அறிவிப்பு மட்டும் இன்னும் வரல.