வகுப்பறையில் கருவிகள்: மதிப்பிடல், தேர்வு, தகவல், எடுத்துரைப்பு – ஒரு நோக்கு

முன்னுரை

ஆசிரியரின் கையிலுள்ள கருவி காலந்தோறும் மாறி வந்துள்ளது. மணலில் விரல் தேய எழுதிய திண்ணைப் பள்ளிக் காலமும், ஓலையில் எழுத்தாணி ஓடிய காலமும், கரும்பலகையில் சுண்ணக்கட்டி தேய்ந்த காலமும் கடந்து, இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் படவீழ்த்தியும் வகுப்பறைக்குள் இடம்பெற்றுவிட்டன. கருவி மாறியதேயன்றி ஆசிரியரின் கடமை மாறவில்லை. பவணந்தியார் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கன், பாடங்கேட்கும் முறை என ஐந்தினை வகுத்துரைத்தார். கருவியை அவர் தனியொரு கூறாக எண்ணவில்லை. அது பாடஞ்சொல்லும் முறைக்கும் கேட்கும் முறைக்கும் துணையாய் அடங்கி நிற்பது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, இன்றைய கருவிகள் தமிழ் வகுப்பில் ஆற்றும் நால்வகைப் பணிகளை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

1. மதிப்பிடல்

மதிப்பெண்களைக் கணிப்பொறியின் அட்டவணைத் தாளில் பதிவது இன்று யாவரும் மேற்கொள்ளும் வழக்கம். கூட்டலில் பிழை நேராது. சராசரி நொடியில் கிடைக்கும். ஒரு மாணவரின் முதற்பருவ நிலையையும் இறுதிப்பருவ நிலையையும் ஒருங்கே வைத்து நோக்கலாம். இவை யாவும் உண்மையான நன்மைகளே. ஆயினும், என் அனுபவத்தில் நேர்ந்த ஒன்றை ஈண்டுக் கூறாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், 58 மாணவர் கொண்ட ஒரு வகுப்பின் அகமதிப்பீட்டு மதிப்பெண்களை 25க்குக் கணக்கிட்டுக் கணிப்பொறியில் பதிந்தேன். உயர்ந்த மதிப்பெண் முதல் குறைந்த மதிப்பெண் வரை வரிசைப்படுத்திக் காண விரும்பி, மதிப்பெண் பத்தியை மட்டும் தேர்ந்து கட்டளையிட்டேன். எண்கள் இடம் மாறின. பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றன. அதனைக் கவனியாது அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தேன். பெயர்ப் பட்டியலின் இறுதியில் இருந்த மாணவர் ஒருவர் உண்மையில் பெற்றது 22. பலகையில் அவர் பெயருக்கு நேரே நின்றது 7.

அவர் என்னிடம் வந்து முறையிடவில்லை. மூன்று நாள் கல்லூரிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவர்தம் தந்தையார் வந்தார். தள்ளுவண்டியில் பழம் விற்பவர். "சார், பையன் இனிமேல் படிக்க மாட்டேன் என்கிறான். அவனுக்குப் படிப்பு வராதா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். கையெழுத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது. அன்றே திருத்தினேன், வகுப்பின் முன் நின்று மன்னிப்பும் கேட்டேன். அம்மாணவர் திரும்பி வந்தார்.

இந்நிகழ்ச்சியில் என்னை மிகவும் உறுத்தியது பிழை நேர்ந்தது அன்று. 58 பேருள் ஒருவரும் அப்பட்டியலை ஐயுறவில்லை என்பதே. கையால் எழுதிய பட்டியலாயின் யாரேனும் கேட்டிருப்பர். அச்சில் வந்தமையால் அது முடிந்த முடிபெனக் கொள்ளப்பட்டது. கணிப்பொறி இட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றும். கட்டளையே பிழையாயின் அப்பிழையையும் பிழையின்றி நிறைவேற்றும்.

ஆகவே மூன்று நெறிகளை அன்று முதல் கடைப்பிடித்து வருகிறேன். வரிசைப்படுத்தும்போது பதிவெண், பெயர், மதிப்பெண் ஆகிய எல்லாப் பத்திகளையும் சேர்த்தே தேர்தல் வேண்டும். கையெழுத்துப் பதிவேட்டை ஆண்டு முடியும்வரை காத்தல் வேண்டும். இறுதி செய்யுமுன் ஒவ்வொரு மாணவரும் தம் மதிப்பெண்ணைத் தாமே கண்டு உறுதிசெய்ய வாய்ப்பளித்தல் வேண்டும்.

கணக்கிடும் முறையிலும் விழிப்பு தேவை. ஒரு மாணவர் 100க்கு 50உம், மற்றொரு தேர்வில் 20க்கு 18உம் பெறுகிறார் எனக் கொள்வோம். இரு விழுக்காடுகளின் சராசரி 70. மொத்தத்தைக் கூட்டிக் கண்டாலோ 120க்கு 68. அஃதாவது ஏறத்தாழ 57 விழுக்காடு. எம்முறை நேரியது என்பதைக் கணிப்பொறி கூறாது. அதனை ஆசிரியர் முடிவு செய்து, மாணவர்க்கு முன்கூட்டியே அறிவித்தல் முறையாகும்.

எண் மட்டும் போதுமா என்பதும் எண்ணத்தக்கது. 1988இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வொன்றில், விடைத்தாளில் கருத்துரை மட்டும் பெற்ற பள்ளி மாணவர்களின் ஆர்வமும் திறனும் வளர்ந்தன. மதிப்பெண்ணும் கருத்துரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அவ்வளர்ச்சி காணப்படவில்லை. எண்ணைக் கண்டவர் எழுத்தை நோக்குவதில்லை போலும்! கணிப்பொறி மிச்சப்படுத்தும் கூட்டல் நேரத்தை, விடைத்தாளின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுதற்கு ஆசிரியர் பயன்படுத்துவாராயின், அதுவே அக்கருவியின் பெரும்பயனாகும்.

2. தேர்வு

விடைத்தாள் திருத்தும் சுமையிலிருந்து பிறந்ததே தேர்வுப் பொறி. அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன்வுட் என்னும் ஊரில் அறிவியல் ஆசிரியராக விளங்கியவர் ரெனால்ட் ஜான்சன். பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்னும் எளிய உண்மையைக் கொண்டு, விடைகளைத் தானே எண்ணும் பொறியொன்றை அவர் உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் அவரைப் பணியிலமர்த்தி, 1938இல் அப்பொறியை 805 என்னும் எண்ணுடன் வெளியிட்டது. அதே ஜான்சன் தலைமையில் அமைந்த குழுவே 1956இல் வெளிவந்த முதல் வணிக வட்டுத் தேக்ககத்தையும் படைத்தது. விடைத்தாளோடு போராடிய ஆசிரியர் ஒருவர் கணிப்பொறியின் வரலாற்றிலேயே இடம்பெற்றார் என்பது ஆசிரியர் குலம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1950களில் அயோவா பல்கலைக்கழகத்தின் லிண்ட்குவிஸ்ட், ஒளியின் துணையால் குறிகளை அறியும் பொறியை உருவாக்கினார். இன்று நாம் காணும் ஓ.எம்.ஆர். தாள் அவ்வழி வந்ததே.

இத்தகைய தேர்வின் எல்லையைத் தமிழ் வகுப்பில் எளிதில் உணரலாம். சீறாப்புராணத்தின் காண்டங்கள் எத்தனை என்று வினவி நான்கு விடைகளைத் தந்தால், மூன்று என்பதை மாணவர் குறித்துவிடுவர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என அவற்றின் பெயர்களையும் வினவலாம். ஆனால், அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த உமறுப்புலவர் தமிழ் நிலத்தின் வளத்தை அங்கே ஏன் கொண்டு சேர்த்தார் என்னும் வினாவிற்கு வட்டத்தை நிரப்பி விடையிறுக்க இயலாது. அதற்குச் சிந்தனை வேண்டும், எழுத்து வேண்டும், அதனைப் படித்து உணர ஓர் ஆசிரியரும் வேண்டும். மேலும், நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் முறையில் 20 வினாக்கள் அமைந்தால், ஒன்றும் அறியாதவரும் குருட்டாம்போக்கில் சராசரியாக 5 பெறுவர்.

அதுபற்றிக் கொள்குறி வினாக்களை ஒதுக்குதல் வேண்டா. அவற்றைச் சோதித்துச் செம்மை செய்யக் கணிப்பொறி பெரிதும் உதவும். மொத்த மதிப்பெண்ணில் மேல்நிலையிலுள்ள 27 விழுக்காட்டினரையும் கீழ்நிலையிலுள்ள 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடும் முறையை 1939இல் ட்ரூமன் கெல்லி விளக்கினார். 60 பேர் வகுப்பில் ஒவ்வொரு குழுவிலும் 16 பேர் அமைவர். ஒரு வினாவிற்கு மேற்குழுவில் 14 பேரும் கீழ்க்குழுவில் 4 பேரும் சரியாக விடையளித்தால், வேறுபாடாகிய 10ஐ 16ஆல் வகுக்க ஏறத்தாழ 0.63 கிடைக்கும். அவ்வினா கற்றோரையும் கல்லாதோரையும் நன்கு பிரித்துக் காட்டுகிறது. மாறாக, மேற்குழுவில் 6 பேரும் கீழ்க்குழுவில் 9 பேரும் சரியெனக் குறித்திருப்பின், குற்றம் பெரும்பாலும் மாணவரிடத்தில் இல்லை. வினா மயக்கம் தருவதாகவோ விடைக்குறிப்பே தவறானதாகவோ இருத்தல் கூடும். தேர்வு மாணவரை மட்டும் அளப்பதன்று. வினா அமைத்த ஆசிரியரையும் அளப்பது.

தேர்வினால் விளையும் மற்றொரு பயனும் உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் உரைப்பகுதியொன்றை இருமுறை படித்தனர். மற்றொரு பகுதியை ஒருமுறை படித்துப் பின் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்த பகுதியே முந்தியது. ஒரு வாரம் கழிந்தபின் அப்பகுதியில் நினைவில் நின்றது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்த பகுதியில் நினைவில் நின்றது 56 விழுக்காடு. எனவே, மதிப்பெண் அச்சமின்றி வாரந்தோறும் கைப்பேசி வழியாகவோ சிறு தாளிலோ ஐந்து வினாக்கள் தருதல், அளக்கும் செயலாக மட்டுமன்றிக் கற்பிக்கும் செயலாகவும் அமையும்.

கட்டுரை விடைகளையும் பொறியே திருத்தலாம் என்னும் கருத்து புதியதன்று. எல்லிஸ் பேஜ் என்பார் 1966இலேயே அம்முயற்சியைத் தொடங்கினார். 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் அக்கருத்து வலுப்பெற்றுள்ளது. பொறி தரும் குறிப்பை ஆசிரியர் நோக்கலாம். தீர்ப்பை அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது. ஒரு மாணவரின் எதிர்காலத்திற்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டியவர் ஆசிரியரே.

3. தகவல் தொடர்பு

அறிவிப்புப் பலகையின் இடத்தை இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. மழைநாள் விடுமுறையையும் தேர்வுக் கால அட்டவணையையும் நொடியில் அறிவிக்கலாம். வெளியூர்ப் பெற்றோர்க்கும் செய்தி சென்றடையும். ஆனால் அதன் எளிமையே ஆபத்தும் ஆகிறது. முழு வகுப்பின் மதிப்பெண் பட்டியலைக் குழுவில் இடுதல், தோற்றவரை ஊரறியச் செய்தலாகும். அது மற்றொரு கைக்குச் சென்றபின் மீட்டெடுக்க வழியில்லை. தனியொருவர் தகவலைக் காக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றியுள்ளது. சட்டம் இல்லாவிடினும், மாணவரின் மானம் காத்தல் ஆசிரியரின் அறம் அன்றோ? மதிப்பெண் அவரவர்க்குத் தனியே செல்லட்டும். பொதுச்செய்தி மட்டும் குழுவிற்குச் செல்லட்டும்.

கைப்பேசியில்லா மாணவரும் நம் வகுப்பில் உளர் என்பதை மறத்தலாகாது. வீட்டில் நால்வருக்கு ஒரே கைப்பேசி இருத்தலும் உண்டு. அதுவும் தந்தையார் பணி முடிந்து இரவில் திரும்பிய பின்னரே மாணவர் கைக்கு வரும். ஆதலின், மாலையில் குழுவில் அறிவித்து மறுநாட் காலையில் ஒப்படைப்பு கேட்பது நீதியன்று. எந்த அறிவிப்பும் வகுப்பில் வாய்மொழியாகவும் ஒருமுறை கூறப்படல் வேண்டும்.

4. எடுத்துரைப்பு

படவில்லைகளை உருவாக்கும் பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் 1987இல் வெளிவந்து, அவ்வாண்டிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உடைமையாயிற்று. கல்வெட்டின் படத்தையும் ஓலைச்சுவடியின் எழுத்தையும் வகுப்பின் கடைசி வரிசைக்கும் காட்ட இதனினும் சிறந்த வழியில்லை. ஆயினும், பாடம் முழுவதையும் குறுந்தொடர்களாக நறுக்கித் திரையில் ஏற்றி, அவற்றை அப்படியே படித்துச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. திரையில் எழுத்தைக் காட்டி அதனையே வாயாலும் படிப்பது கற்றலைத் தளர்த்தும் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர் தம் ஆய்வுகளால் விளக்கியுள்ளார். படமும் பேச்சும் இணைந்தால் துணை. எழுத்தும் பேச்சும் ஒன்றையே கூறினால் சுமை.

இதன் தீமை எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் சென்ற கொலம்பியா விண்ணோடம் 2003 பிப்ரவரி 1 அன்று சிதைந்தது. ஏவும்போதே அதன் இடச் சிறகில் நுரைத்துண்டு ஒன்று மோதியிருந்தது. அம்மோதலின் விளைவைப் பறப்பின்போதே ஆராய்ந்த பொறியாளர்கள் தம் முடிவுகளைப் படவில்லைகளாக அளித்தனர். மோதிய துண்டு, முன்னர்ச் சோதனை செய்யப்பட்ட துண்டினும் பன்னூறு மடங்கு பெரியது என்னும் உயிர்நிலைச் செய்தி, நெருக்கமான எழுத்துகளுக்கிடையே கீழ்வரியில் ஒடுங்கிக் கிடந்தது. விரிவான அறிக்கைக்கு மாற்றாகப் படவில்லைகளைக் கொள்ளும் வழக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையில் கண்டித்தது. முதன்மையானது எது, துணையானது எது என்று பகுத்துணராத எடுத்துரைப்பு வெறும் காட்சியாகவே முடியும்.

இவ்விடத்தில் நன்னூலாரின் கணக்கொன்று நினைவிற்கு வருகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர் அடைவது கால்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் ஒரு கால்பங்கு கூடும். எஞ்சிய அரைப்பங்கும் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வாய்க்கும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், படவீழ்த்தியின் முன் ஆசிரியர் மட்டும் நிற்பது முறையோ? வாரம் ஒரு மாணவர் ஐந்து படவில்லைகளோடு பத்து நிமிடம் பேசட்டும். வில்லைக்கு ஒரு படம், ஒரு தொடர் போதும். மற்றவை அவர் நாவிலிருந்து வரட்டும். மின்சாரம் நின்றாலும் தொடர்ந்து பேசுபவரே பாடத்தை உண்மையில் கற்றவர்.

முடிவுரை

கல்லூரியின் வளர்ச்சியில் நாட்டமுடைய பெரியோரும், வெளிநாடுகளில் உழைக்கும் பழைய மாணவர்களும் கணிப்பொறிகளையும் படவீழ்த்திகளையும் அன்பளிப்பாக நல்கி வருவது நன்றியோடு போற்றத்தக்கது. அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கருவிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பழுதுபார்த்தலுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒதுக்குதல் வேண்டும். பூட்டிய அறையில் உறையிட்டுக் கிடக்கும் பொறி எவர்க்கும் பயன்படாது.

ஆசிரியப் பெருமக்கள் கருவியை அஞ்சவும் வேண்டா. அதனிடம் அடைக்கலம் புகவும் வேண்டா. மாணவர்களோ, அச்சில் வந்தது எனினும் ஐயம் தோன்றின் தயங்காது வந்து வினவுதல் வேண்டும். அன்று அம்மாணவர் ஒரு சொல் கேட்டிருப்பின் மூன்று நாள் துயரம் நேர்ந்திராது. கேட்கத் துணியுமாறு நான் அவரைப் பழக்கியிருப்பின், அவர் தந்தையார் தம் ஒருநாள் பிழைப்பை விட்டுக் கல்லூரி வாயிலில் வந்து நிற்கவும் நேர்ந்திராது. எண்ணுக்குப் பின்னே ஒரு மாணவர் இருக்கிறார். அவருக்குப் பின்னே ஒரு குடும்பம் இருக்கிறது. அதனை நினைவில் கொள்ளும் ஆசிரியர் கையில் எக்கருவியும் நற்கருவியே ஆகும்.