தண்ணீர் ஒட்டாத பூச்சு செய்யும் தம்பிக்கு



நீ அனுப்பிய வீடியோ பார்த்தேன். சிலிக்கா துகள் பூசிய கண்ணாடியில் சொட்டு நிற்காமல் உருண்டோடுகிறது. தொடுகோணம் 150 பாகையைத் தாண்டியதில் எனக்கும் சந்தோஷம்தான். இனி அந்த இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி சொட்டு விடு. ஒட்டிக்கொண்டால், வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாத ரகசியத்தை ஆய்வாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹ்யூஸும் 1997-இல் விளக்கினார்கள்: மைக்ரான் அளவு மேடுகள், அவற்றின்மேல் இன்னும் நுண்ணிய மெழுகு, இடையில் காற்று. இலை உயிருள்ளது, தேய்ந்த மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். உன் பூச்சுக்கு அது முடியாது. மேல்தோல் தேய்ந்தாலும் அடியிலும் அதே துகள், அதே சொரசொரப்பு இருக்கும்படி கட்டு.

காயவைப்பதில் அவசரப்படாதே. ஈரம் வற்றும்போதுதான் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துத் தாமாக அடுக்கிக்கொள்கின்றன. நம் ஊர் ஆடிக்காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்தால் பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கரிசல் காடு வெடிப்பதும் இப்படித்தான்: மேலே சுருங்கப் பார்க்கிறது, அடிப்பிடிப்பு விடுவதில்லை. ஒவ்வொரு துகள் அளவுக்கும் வெடிக்காமல் தாங்கும் தடிமன் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து, அதற்குள் மெல்லிசாகப் பூசு. இன்னும் தடிமன் வேண்டுமானால் காயவிட்டு, பிடிக்கவைத்து, அடுத்த தடவை பூசு.

தீக்குச்சித் தலைக்குப் பூசலாமா என்று கேட்டாய். கோவில்பட்டிப் பிள்ளைக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் ஐப்பசியில் குச்சி நமத்துப்போவது பெரும்பாலும் மழைச்சொட்டால் அல்ல, காற்றிலுள்ள ஈரத்தால். மருந்தைப் பிடித்திருக்கும் வச்சிரப் பசை அதை உறிஞ்சுகிறது. உன் பூச்சோ காற்றுக்கென்றே இடைவெளி விட்டது. சொட்டு நுழையாத அந்தச் சந்தில் நீராவி தாராளமாக நுழையும். அங்கே இடைவெளியில்லாத மெழுகோ அரக்கோதான் உதவும். குளோரேட் கலந்த மருந்தை வைத்துக்கொண்டு தேய்மானச் சோதனை செய்யவும் கூடாது, தம்பி. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

உனக்குத் தோதானது பருத்தி. பறித்த பஞ்சு சட்டென்று தண்ணீர் குடிக்காது, மேலே இயற்கை மெழுகு இருக்கிறது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி உறிஞ்சுவது அந்த மெழுகை நீக்கிய பிறகுதான். நூலிழையே பெரிய மேடு. நுண்மேட்டைத் துகள் கொடுக்கட்டும். சிலேன் கொண்டு துகளை இழையோடு வேதிப்பிணைப்பில் கட்டு. ஃபுளோரின் சேர்த்தால் கோணம் எளிதில் ஏறும், ஆனாலும் வேண்டாம். அந்தக் குடும்பத்தில் பிஎஃப்ஓஏ 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது. துவைத்த தண்ணீர் கடைசியில் நம் கண்மாய்க்குத்தான் போகும்.

பூசிய துணியைக் கரிசல் தூசி வைத்துத் தேய், துவை, வெயிலில் போடு. எந்தத் துவைப்பில் சொட்டு ஒட்டத் தொடங்கியது என்று குறித்து வை. துவைத்த தண்ணீரையும் கொட்டாதே. உதிர்ந்த துகள் எவ்வளவு என்பது அதில்தான் தெரியும். அந்த இரண்டு கணக்கையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்