பாடம் 7: விழா முடிந்தபின் மிஞ்சுவது என்ன?

நுழையும்முன்

விழாக்கள் நம்மை ஒன்று சேர்க்கின்றன. விழா முடிந்ததும் அங்குக் கிடக்கும் குப்பை எங்கே செல்கிறது? அதனைத் தொட்டுப் பிரிப்பவர் யார்? நாம் வாழும் புனே நகரம் தன் பெருவிழாவின் வழியாகக் கற்றதை அறிந்து, நமது பொங்கல் விழாவைத் திட்டமிடுவோம்.

புனே கற்ற பாடம்

புனேயின் பெருவிழா விநாயகர் சதுர்த்தி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், லோகமான்ய திலகர் முதலியோரின் முயற்சியால் இது மக்கள் பொதுவாகக் கூடிக் கொண்டாடும் விழாவாக வளர்ந்தது. பத்து நாள் விழாவின் நிறைவில் சிலைகளை நீரில் கரைப்பது மரபு. களிமண் சிலை நீரில் எளிதில் கரையும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையோ எளிதில் கரைவதில்லை. அதன் வண்ணப் பூச்சும் நீரை மாசுபடுத்தும். இதனால் முளா, முட்டா ஆறுகள் துன்புற்றன.

விழாவை நிறுத்துவது தீர்வன்று. விழா நடத்தும் முறையை மாற்றுவதே தீர்வு. எனவே, சிலைகளைக் கரைக்கத் தனித் தொட்டிகள் அமைக்கப்பட்டன. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் ஓர் எளிய வழியைக் கண்டது. அம்மோனியம் பைகார்பனேட் கலந்த நீரில் பிளாஸ்டர் சிலையை இட்டால், அது கால்சியம் கார்பனேட்டாகவும் அம்மோனியம் சல்பேட்டாகவும் மாறும். பின்னது பயிருக்கு உரமாகும். பூசையில் பயன்பட்ட மலர்களும் மாலைகளும் 'நிர்மால்யம்' எனப்படும். அவை ஆற்றில் விழாதபடி கரையிலேயே தனியே பெறப்பட்டு, மக்கிய உரமாக்கப்படுகின்றன.

குப்பைக்குப் பின்னால் மனிதர்

நிர்மால்யம் பெறும் பணியில் 'ஸ்வச்' கூட்டுறவின் உறுப்பினர்களும் ஈடுபடுகின்றனர். குப்பை பொறுக்கி வாழ்ந்தோரே உறுப்பினர்களாகவும் உரிமையாளர்களாகவும் உள்ள அமைப்பு இது. இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 2008ஆம் ஆண்டு புனே மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, வீடுதோறும் சென்று குப்பை பெறத் தொடங்கினர். நாம் கலந்து எறியும் குப்பையை இவர்கள் கைகளால் பிரிக்க நேர்கிறது. சோறு ஒட்டிய நெகிழிக் குவளையும், உடைந்த கண்ணாடித் துண்டும் ஒரே பையில் இருந்தால் துன்பம் இவர்களுக்கே. ஆகவே, குப்பையைப் பற்றி விழாவுக்குப் பின் அன்று, விழாவுக்கு முன்னரே எண்ண வேண்டும்.

பொங்கல் விழாத் திட்டம்

150 பேர் கூடும் பொங்கல் விழாவைக் கருதுவோம்.

1. இடம்: பேருந்து நிறுத்தத்திற்கோ மெட்ரோ நிலையத்திற்கோ அருகில் விழா அமைந்தால், பலர் தனித்தனி வண்டிகளில் வர வேண்டியதில்லை.

2. அழைப்பு: அழைப்பிதழைக் கைப்பேசியில் அனுப்பலாம். பதாகையைத் துணியில் எழுதலாம். அதில் ஆண்டைக் குறிக்காவிடில் அடுத்த பொங்கலுக்கும் அது பயன்படும்.

3. உணவு: வருவோர் எண்ணிக்கையை ஒரு வாரம் முன்னரே கேட்டறிந்து சமைத்தால் உணவு வீணாகாது. வாழையிலையில் பரிமாறுவது நம் வழக்கம்; இலை மக்கி உரமாகும். மகாராஷ்டிர அரசு 2018ஆம் ஆண்டிலேயே தெர்மாகோல் தட்டுகளையும் ஒருமுறை பயன்படும் நெகிழித் தட்டுகளையும் தடைசெய்துவிட்டது. காகிதக் குவளையின் உட்புறத்திலும் பெரும்பாலும் மெல்லிய நெகிழிப் பூச்சு உண்டு.

4. குவளை: பந்திக்கு 50 பேர் வீதம் மூன்று பந்தி அமைத்தால், 50 எவர்சில்வர் குவளைகளே போதும். ஒவ்வொரு பந்திக்குப் பின்னும் அவற்றைக் கழுவி வைக்கலாம். 150 குவளைகள் குப்பையாவதைத் தவிர்க்கலாம்.

5. குப்பை: ஈரக் குப்பைக்கு ஒன்று, உலர் குப்பைக்கு ஒன்று என இரு தொட்டிகள் வைக்க வேண்டும். அவற்றின்மேல் தமிழில் எழுதுவதோடு, 'ஓலா கச்ரா', 'சுகா கச்ரா' என மராத்தியிலும் எழுதினால் அண்டை வீட்டாருக்கும் புரியும். தொட்டியருகே இரு மாணவர் நின்று வழிகாட்டலாம். வாழையிலையோடு நெகிழி உறை ஒன்று கலந்தாலும் அதனை யாரேனும் கையால் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும் என்பதை மறவாதீர்.

சொல்லும் பொருளும்

பதாகை – விளம்பரத் துணி
நெகிழி – பிளாஸ்டிக்
பந்தி – விருந்தில் உண்போர் வரிசை
உடன்படிக்கை – ஒப்பந்தம்
மக்குதல் – அழுகி உரமாதல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. நிர்மால்யம் என்பது யாது? அது என்னவாக மாற்றப்படுகிறது?
2. குப்பையைப் பற்றி விழாவுக்கு முன்னரே எண்ண வேண்டும் என்பது ஏன்?

ஆ. கணக்கிடுக.
200 பேருக்கு விருந்து. பந்திக்கு 40 பேர் அமர்வர். எத்தனை பந்தி தேவை? ஒரு குவளை எத்தனை முறை பயன்படும்?

இ. பிரித்து எழுதுக.
வாழையிலை, பெருவிழா, கைப்பேசி

ஈ. செய்து பார்க்க.
உங்கள் குடியிருப்பில் குப்பை பெற வருபவரிடம் வணக்கம் கூறி, எவ்வகைக் குப்பை அவர்களுக்குத் துன்பம் தருகிறது எனக் கேட்டறிக. அவர் கூறியதை ஐந்து தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.