சுடாத கல்

செங்கற்கள் சூளையில் சுடப்படுகின்றன. சூளை நெருப்பு கரியமில வாயுவை வெளியிட்டு வானைக் கெடுக்கிறது. எரிபொருளின் விலை வீட்டுச் செலவையும் கூட்டுகிறது. நெருப்பின்றிக் கல் செய்ய இயலுமா?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சிற்றூர் மக்களுக்குப் பயன்படும் தொழில்நுட்பங்களை உருவாக்க, 1974ஆம் ஆண்டு 'அஸ்த்ரா' என்னும் அமைப்பை அமுல்ய ரெட்டி தொடங்கினார். அங்குப் பேராசிரியர் கே. எஸ். ஜகதீஷ் முதலானோர் சுடாத மண்கல்லை ஆராய்ந்தனர்.

செம்மண்ணுடன் மணலும், 5 முதல் 8 விழுக்காடு சிமெண்டும், சிறிது நீரும் கலந்து கைப்பொறியில் அழுத்துவர். அக்கல்லை ஏறத்தாழ மூன்று வாரம் நீர் தெளித்து ஈரமாக வைத்தால், அது நன்கு இறுகும். தகுந்த மண்ணாயின், அடித்தளத்திற்குத் தோண்டிய மண்ணே சுவராகும், வண்டிக்கூலியும் குறையும்.

சிமெண்டு செய்யவும் நெருப்பு வேண்டும். ஆதலின் இக்கல் முற்றிலும் கரியற்றதன்று. ஆயினும் சூளை நெருப்பைத் தவிர்ப்பதால், வானின் சுமையையும் வீடு கட்டுவோரின் சுமையையும் ஒருங்கே குறைக்கிறது.

பொருள் அறிக
சூளை – செங்கல் சுடும் இடம்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
ஒருங்கே – ஒருசேர

விடை எழுதுக
1. மண்கல் எவ்வாறு இறுகுகிறது?
2. மண்கல் முற்றிலும் கரியற்றதன்று எனக் கூறப்படுவது ஏன்?
3. உங்கள் வீட்டுச் சுவர் எக்கல்லால் ஆனது? பெரியோரிடம் கேட்டு எழுதுக.