இருபெயர் பூண்ட கப்பல்

இந்தியக் கடற்படையின் ‘ஜலாஷ்வா’ முன்னர் ‘ட்ரென்டன்’ என வழங்கிற்று. அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரிற் கட்டப்பெற்ற அது, 1971 மார்ச்சு 6-ஆம் நாள் அந்நாட்டுக் கடற்படையிற் சேர்ந்தது.

அதன் அமைப்பே நம் கருத்தை முதற்கண் ஈர்க்கின்றது. பின்புறத்தே அகன்றதொரு கூடம் உண்டு. அடியிலுள்ள அறைகளிற் கடல்நீரை நிரப்பின் பின்பாகம் தாழும், பெருங்கதவு திறக்கும், கடல் உட்புகும், உலர்ந்த தளத்தே கிடந்த படகுகள் மிதந்து, படைஞரையும் வண்டிகளையும் சுமந்து கரைநோக்கிச் செல்லும். ஏனைய கப்பல்கள் எதனை அஞ்சி அடைக்கின்றனவோ, அதனையே இக்கப்பல் வாயில் திறந்து வரவேற்கின்றது! துறைமுகமில்லாத பகைவர் கரையிலும் படை இறக்குவதே இதனை அமைத்தோர் கருத்து.

அமெரிக்கப் போர்க்கப்பலொன்று கண்ணிவெடியாற் சேதமுற்றதற்கு மாறாக, 1988 ஏப்ரல் 18-இல் பாரசீக வளைகுடாவில் ஈரானது சாசன் எண்ணெய்மேடையை அழித்த வீரர் இக்கப்பலினின்று சென்றவரே. ஆயின், 1991 ஜனவரியில் நிகழ்ந்தது வேறு. சோமாலியாவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, ‘குவாம்’ என்னுங் கப்பலும் இதுவும் விரைந்து சென்று, மொகதீசு நகரில் அகப்பட்ட பன்னாட்டு மக்கள் 281 பேரை மீட்டன. கரையோ முதலில் 400 மைலுக்கும் அப்பால் இருந்தது. ஹெலிகாப்டர்கள் இருளிற் பறந்து, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஏகின.

2007-இல் இந்தியா இதனை விலைக்கு வாங்கி, ஜூன் 22-இல் புதுப்பெயர் சூட்டிற்று. ‘ஜலாஷ்வம்’ என்பது நீர்க்குதிரை. கிரேக்கரும் அவ்விலங்கினை ஆற்றுக்குதிரை என்றே அழைத்தனர். நாமோ நீர்யானை என்கின்றோம்; ஏறக்குறைய 17,000 டன் பெயர்ச்சியுள்ள இதன் பருமைக்கு நம் சொல்லே ஏற்றதெனத் தோன்றுகின்றது. முப்பத்தாறாண்டு உழைத்த பழங்கப்பலை வாங்குதல் தகுமோ என்று அந்நாளில் வினவியோர் பலர். தணிக்கைத் துறையும் குறைகூறிற்று. 2008 பிப்ரவரியில் நச்சுவாயுவினால் மாலுமிகள் சிலர் இதன்கண் உயிர் நீத்தமையை எண்ணுங்கால், அவ்வினாவை எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

2020-இல் கொள்ளைநோயினால் வான்வழி அடைபட்டபோது, மே மாதம் 698 பேரை மாலத்தீவினின்று கொச்சிக்குக் கொணர்ந்தது. பின்னர் ஈரானது பந்தர் அப்பாஸ் துறைக்குச் சென்றது. முன்னர்த் தாக்கச் சென்ற வளைகுடாவின் வாயிலில் உள்ளது அத்துறை. அங்கே ஏறிய 687 பேருள் மிகுதியோர் தமிழக மீனவர். படைஞர்க்கென வகுத்த இடங்களிலே தங்கிவந்து, ஜூலை 1-இல் அவர்கள் தூத்துக்குடியிற் கரையேறினர்.